காதுக்குப் பின்னால்

என் மகளின் தலையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது என்று பதினைந்து வருஷம் மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். யாராவது பாவம் பார்த்து, "பிள்ளைக்கு என்னங்க?" என்று கேட்டால் போதும், நடுரோட்டில் நிறுத்திவைத்து வகுப்பெடுப்பேன். பிறக்கும்போதே தலைக்குள் நீர் கோத்திருந்தது. எல்லோர் தலையிலும் ஊறுகிற நீர்தான். மற்றவர்களுக்குத் தானாக வடிந்துவிடும், இவளுக்கு வடிய வழியில்லை. அதனால் தலைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய், வலது காதுக்குப் பின்னால் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு என்று தோலுக்கடியிலேயே இறங்கி வயிற்றுக்குள் முடிகிற இன்னொரு குழாய். வெளியே பார்த்தால் காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மேடு, அவ்வளவுதான்.

குழாய் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று முதல்முறை நிம்மதியாக மூச்சு விட்டேன். என்ன பேதை! ஒன்றரை வயதில் அடைத்துக்கொண்டது. நாலு வயதில் கிருமி தொற்றி, மொத்தத்தையும் உருவி எடுத்து, நீரைத் தலையிலிருந்து நேராக ஒரு பைக்குள் வடியவிட்டு இருபத்தாறு நாள் படுக்கவைத்தார்கள். பிறகு புதிதாக வைத்தார்கள். அந்தக் காய்ச்சலில்தான் இடது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. ஒன்பது வயதில் ஆள் வளர்ந்துவிட்டாள், குழாய் வளரவில்லை. நுனி வயிற்றைவிட்டு மேலே ஏறிவிட்டது. பன்னிரண்டில் கழுத்துக்குள் முறிந்தது. பதின்மூன்றில் மறுபடி அடைப்பு. இப்போது பதினைந்தில் இன்னொன்று. மொத்தம் எட்டு.

"அம்மா, எனக்கு ஒரு ஜிப்பு வெச்சு விட்டுடச் சொல்லேன். திறக்கிறதுக்கும் மூடறதுக்கும் வசதியா இருக்கும்" என்பாள் என் மகள். ஜிப்பு என் தொழில். பை தைக்கும் பட்டறையில் எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். பெண்கள் தோளில் மாட்டுகிற பைகள். பன்னிரண்டு பேர், எட்டு மிஷின், ஒரு ஜன்னல். அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. வீட்டில் மூன்று பேர் பேசவேண்டியதை நானும் அவளும் இரண்டே பேராகப் பேசித் தீர்ப்போம்.

எட்டாவது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு நர்ஸ் கையில் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்தத் தடவை வெச்சிருக்கிறது வேற மாதிரி வால்வு. எவ்வளவு வடியணும்னு வெளியில இருந்தே கூட்டிக் குறைக்கலாம். அதனால சில விஷயங்கள்ல ஜாக்கிரதையா..."

"சிஸ்டர், இது எங்களுக்கு எட்டாவது" என்றேன். "நீங்க ஸ்கூல் படிக்கும்போதே நான் இந்த வராண்டாவுல படுத்து எழுந்தவ. காய்ச்சல் வந்தா வரணும், வாந்தி எடுத்தா வரணும், காயம் சிவந்தா வரணும். சரியா?"

"சரிதான். ஆனா இதுல..."

"குடுங்க, வீட்ல படிச்சுக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணுக்கும் அடுத்த கட்டிலில் வேலை காத்திருந்தது, போய்விட்டாள். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்தேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது கணவர் கேட்டார், "என்ன எழுதியிருக்கு அதுல?"

"எப்பவும் போலத்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வலது பாதித் தலையை மழித்திருந்தார்கள். இடது பாதியில் இடுப்புவரை முடி. "பாதி வயலை அறுத்துட்டு ஆளுங்க சாப்பிடப் போயிட்ட மாதிரி இருக்கு" என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அதே கண்ணாடி முன்னால் அழுதாள். பத்தாம் வகுப்பு. ஏற்கெனவே ஆறு வாரம் போயிருந்தது. படிப்பில் படுசுட்டி, அந்த வருஷம் மட்டும் வீணாகக்கூடாது என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

தொப்பி தைக்கலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. பட்டறையில் மிஞ்சிய கருநீல லைனிங் துணியில், நெற்றியில் ஆரம்பித்து இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு பின்கழுத்துவரை இறங்குகிற மாதிரி வெட்டினேன். வெட்டும்போதே பார்த்தவர்கள், "எந்தக் கடைக்கு இது?" என்று கேட்டார்கள். வலது காதுப் பக்கம் ஒரு மடிப்பு வந்து மூடும். அதை எதை வைத்து மாட்டுவது என்பதில்தான் திண்டாட்டம். நாடா வைத்தால் ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. கொக்கி வைத்தேன், இடது விரல்கள் அதைத் தேடித் தேடி, கடைசியில் தொப்பியைச் சுவரில் விட்டெறிந்தாள். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தேன்; அது புதிதாக முளைத்த முடியையும் தையல் காய்ந்த பொருக்கையும் சேர்த்து இழுத்தது.

அப்போதுதான் என் கண் காந்த பட்டன் டப்பாவில் விழுந்தது. பைகளின் வாயில் வைப்போமே, இரண்டு பாதியும் பக்கத்தில் வந்தாலே தானாக 'டக்' என்று ஒட்டிக்கொள்ளுமே, அது. ஒரு விரல் போதும். ஒரு விரலே வேண்டாம், தலையை ஆட்டினாலே போதும்.

பட்டன் வெளியே தெரியாமல் இரண்டு துணிக்கு நடுவில் வைத்துத் தைத்தேன். மேடு மறையட்டும், யார் கையும் பட்டு வலிக்காமலும் இருக்கட்டும் என்று சரியாக அந்த மேட்டுக்கு மேலேயே வருமாறு அளவெடுத்தேன். உள்பக்கம் மெத்தென்று பஞ்சு. பக்கத்து மேஜையில் பசை தடவுகிறவள் எட்டிப் பார்த்து, "முதலாளிக்குக்கூட நீ இவ்வளவு நேர்த்தியா தெச்சது இல்லையேடி" என்றாள். "அவங்களா எனக்குக் கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்தப் போறாங்க?" என்றேன்.

மகள் போட்டுப் பார்த்தாள். டக். கழற்றினாள். மறுபடி டக். ஒற்றைக் கையால் பத்துத் தடவை போட்டுக் கழற்றி விளையாடினாள். "அம்மா, நீ சும்மா ஆளு இல்ல" என்று என் கன்னத்தில் முத்தம் வைத்தாள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளே பள்ளிக்கூடம் போனாள்.

நாலாவது நாள் தலை வலிக்கிறது என்றாள்.

உடனே உட்காரவைத்து என் பரீட்சையை நடத்தினேன். குழாய் அடைத்தால் என்னென்ன வரும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். வாந்தி? இல்லை. தூங்கித் தூங்கி விழுகிறாளா? இல்லை. படுத்து எழுந்ததும் காலையில் வலி அதிகமா?

"இல்லம்மா. காலையில நல்லா இருக்கு. எழுந்து நடமாடினாத்தான் வலிக்குது. படுத்தா போயிடுது."

"படுத்தா போயிடுதா?"

"ஆமா. படுத்த பத்து நிமிஷத்துல சுத்தமா போயிடுது."

அப்பாடா என்றிருந்தது. அடைப்பு என்றால் படுத்தால்தான் கூடும். இது நேர் எதிர். அப்படியானால் குழாய் இல்லை. எட்டு ஆபரேஷன் பார்த்த மூளை அவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட்டுவிட்டது. வடிவது குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரியும். அளவுக்கு மீறி வடிந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்ததே இல்லை. நிற்கும்போது நீர் கடகடவென்று கீழே இறங்கும், அப்போது வலிக்கும். படுத்தால் இறங்குவது நின்றுவிடும், வலியும் நிற்கும். இன்று சொல்கிறேன். அன்று தெரியாது.

"படுத்தா எனக்கும்தான் எல்லா வலியும் போயிடும்" என்றேன். "எழுந்திரு, நாளைக்குக் கணக்கு டெஸ்ட்."

இரண்டாவது வாரம் அவளுடைய அப்பா வாயைத் திறந்தார். "ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துடலாமே?"

"போய் என்ன சொல்றது? படுத்தா நல்லா இருக்கான்னா? சிரிப்பாங்க."

ஒரு காலத்தில் ஒரே மாதத்தில் மூன்று தடவை பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மூன்றாம் தடவை ஒரு சின்ன டாக்டர் இன்னொருவரிடம், "இந்தம்மாவுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்றது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குள் ஒரு ரோஷம். நிச்சயமாகத் தெரியாமல் அந்தப் படி ஏறுவதில்லை.

"அவ வலிக்குதுன்னு சொல்றாளே" என்றார் கணவர்.

"நீங்க குடுக்கிற செல்லம்தான். பெரிய ஹெட்செட் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கீங்களே, அதை மாட்டிக்கிட்டுப் பாட்டுக் கேட்டா யாருக்குத்தான் தலை வலிக்காது?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சந்தோஷத்தில் அவர் ஒரு ஹெட்செட் வாங்கித் தந்திருந்தார், என்னைக் கேட்காமல். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம். மேஜையில் ஓங்கி அடித்து, "எழுந்திரு, போகலாம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பதினைந்து வருஷத்தில் மகளின் தலை விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேச அவருக்கு நான் இடமே கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகத் தரையில் விழுந்து படுத்துக்கொள்வாள். சாப்பாடு படுத்துக்கொண்டே. பாடம் படுத்துக்கொண்டே. "மகாராணி மாதிரி" என்று நான் எரிந்து விழுவேன். "மகாராணிக்குத் தலையில கிரீடம், எனக்குத் தொப்பி" என்பாள். மூன்றாவது வாரம் அந்தப் பதில்களும் நின்றுவிட்டன. அதையும் நான் கவனித்தேன். கவனித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று புதன்கிழமை. அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு மட்டும்மா" என்றாள். குரல் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

"நேத்தும் இதைத்தான் சொன்னே. எழுந்திருடி."

நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். நான்தான் சட்டை மாட்டினேன். நான்தான் தொப்பியைப் போட்டு, காதுக்குப் பின்னால் மடிப்பைக் கொண்டுவந்து டக்கென்று ஒட்டவைத்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் வலது காலை இழுத்து இழுத்து வைத்தாள். செருப்பு கழன்று மேல்படியிலேயே கிடந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"செருப்பு எங்கடி?"

என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொற்களாகத்தான் வந்தது, ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. "அம்மா, படி... தண்ணி போடு... படி" என்றாள். அப்புறம் என் முந்தானை முழுக்க வாந்தி எடுத்துவிட்டு என் மேலேயே சாய்ந்தாள். நான் போட்ட அலறலில் மூன்று மாடிக் கதவும் திறந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரம்மா வெளியே வந்தார். அலட்டல் இல்லாத மனுஷி. எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"தண்ணி ரொம்ப அதிகமா வடிஞ்சிருக்கு. அப்படி வடிஞ்சா மூளை உள்ளுக்குள்ள தளர்ந்து, எலும்பை விட்டு விலகும். நடுவுல இருக்கிற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் இழுபட்டு அறுந்துபோகும். ரெண்டு பக்கமும் ரத்தம் கட்டியிருந்தது. இடது பக்கம் ரொம்ப. எடுத்துட்டோம். ஆனா மூளை ரொம்ப நாளா அழுத்தத்துல இருந்திருக்கு. பேச்சு, வலது கை, வலது கால், இதெல்லாம் எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"உயிருக்கு?" என்றார் கணவர்.

"மூணு நாள் போகட்டும்."

பிறகு அவர் கேட்ட கேள்விதான். "வால்வை நாங்க நாலுல வெச்சு அனுப்பினோம். இப்ப பாத்தா ஒண்ணுல இருக்கு. ஒண்ணுன்னா மொத்தமா திறந்துவிட்ட மாதிரி. அதுவா மாறாது. பக்கத்துல காந்தம் ஏதாவது வந்திருக்கணும். தாள்ல எழுதியிருந்தோமே? ஸ்பீக்கர், ஹெட்செட், காந்தப் பொம்மை, அந்த மாதிரி ஏதாவது..."

ஹெட்செட் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். எனக்குக் கண்மண் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! யாரைக் கேட்டு வாங்கிட்டு வந்தீங்க அந்தக் கண்றாவியை? என் பிள்ளையைக் கொன்னுட்டீங்களே!"

வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா, "அம்மா, அதுதான்னு நான் சொல்லல" என்றார். நான் எங்கே கேட்டேன்? வாய்க்கு வந்தபடி பேசினேன். கணவர் சுவரில் முதுகை வைத்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டார். லிஃப்ட் கிரீஸ் படிந்த கைகள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு.

நாலு மணிக்கு ஒரு நர்ஸ் மகளின் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் தந்தாள். சட்டை, ஒற்றைச் செருப்பு, தோடு, தொப்பி. சட்டையை மடிக்கலாம் என்று கவரிலிருந்து எடுத்தேன். தொப்பியைப் பக்கத்திலிருந்த இரும்பு அலமாரியின் மேல் வைக்கப் போனேன். வைக்கவில்லை. கைக்கு முன்னால் அதுவே போய் அலமாரிக் கதவில் டக்கென்று ஒட்டிக்கொண்டு தொங்கியது.

நான் அதைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தினம் நூறு பட்டன் தைக்கிறேன். கத்திரிக்கோலில் ஒட்டும், ஊசியில் ஒட்டும், பிடுங்கி எடுத்துத் தைப்பேன். ஒரு நாள்கூட அதை நான் காந்தம் என்று நினைத்ததில்லை. காந்தம் என்றால் ஸ்கேன் அறையில் இருக்கிற பெரிய மிஷின். இது பட்டன், நகத்தளவு பட்டன். அதை என் பிள்ளையின் வால்வுக்கு மேலேயே, ஒரு நூல் பிசகாமல், அளவெடுத்து வைத்திருக்கிறேன்.

கைப்பையைத் துழாவினேன். தாள் அப்படியே நாலு மடிப்பாக இருந்தது. மூன்றாவது வரி. காந்தம் உள்ள சிறு பொருட்களையும் காதருகே கொண்டுசெல்லக்கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஹெட்செட்டை அவள் இடது காதில் மட்டும்தான் வைப்பாள், வலது பக்கம் அழுத்தினால் வலிக்கும் என்று. அதுவும் எனக்குத் தெரியும். வராண்டாவில் கத்தும்போதே தெரியும்.

நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, பல்லால் தையலைப் பிரித்து, இரண்டு பட்டனையும் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டு, மேலே காகிதத்தைக் கசக்கிப் போட்டு மூடினேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏதாவது சாப்பிடறியா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், பிள்ளை கண் திறக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்தாள். அப்போதும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. பதினைந்து வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் என்ற ஒரே பெயர்தான் எனக்கு இருந்தது. அதுவும் போனால் நான் யார்? ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் பெரிய மலையானது.

அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தாடி வளர்ந்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்காமலே, "நான்தாங்க, ஒரு ஹெட்செட் வாங்கிக் குடுத்துட்டேன்" என்று ஆரம்பித்துவிடுவார். பசை தடவுகிறவள் ஒரு நாள் வந்தாள். அவரிடம் கதையைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நொடி நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. போகும்போது என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

பதினாறாம் நாள் பிற்பகல். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்திருந்தாள். மகளைத் தலையணைகள் வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். இந்தமுறை முழுத் தலையையும் மழித்திருந்தார்கள். வலது கை போர்வை மேல் கிடந்தது. இடது கை ஏற்கெனவே பாதிக் கை. அந்தப் பெண் படம் படமாகக் காட்டினாள்.

"இது என்னம்மா? சீப்பா?"

"இல்ல" என்றாள் மகள்.

"டம்ளரா?"

"இல்ல."

"உன் பேரு சொல்லு பாப்போம்?"

"இல்ல."

அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "இப்போதைக்கு இந்த ஒரு வார்த்தைதான் வருது. ஆமான்னு சொல்ல நினைச்சாலும் இதுதான் வரும். நாம சொல்றது அவளுக்கு எவ்வளவு புரியுதுன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. அதனால அந்த வார்த்தையை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. பேசிக்கிட்டே இருங்க." படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

பேசிப் பேசியே வீட்டை நிரப்பிய பிள்ளைக்கு ஒரே ஒரு சொல் மிச்சம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்த கஞ்சியை ஆற்றி ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினார். ஊட்டிக்கொண்டே தினமும் சொல்வதை அன்றும் சொன்னார்.

"கண்ணு, அப்பாவை மன்னிச்சுடு. அப்பா வாங்கிக் குடுத்த ஹெட்செட்டாலதானே உனக்கு இப்படி ஆச்சு?"

"இல்ல" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வறட்டுச் சிரிப்புச் சிரித்தார். "எல்லாத்துக்கும் இதையேதான் சொல்றே. அப்பாவாலதான்மா."

"இல்ல."

"அப்பாவாலதான்."

"இல்ல."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் ஏதாவது இருந்ததா, அல்லது கண் திரும்பிய திசையில் நான் நின்றிருந்தேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அவ சரியாத்தான் சொல்றா" என்றேன்.

"என்ன?"

"உங்க ஹெட்செட் இல்லைங்க. அந்தத் தொப்பி. அதுல வெச்சது காந்த பட்டன். சரியா வால்வு மேலேயே வெச்சேன். நான்தான். அவ வலிக்குது வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல, நான்தான் தினம் மாட்டி அனுப்பினேன்."

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்றார்.

"அன்னைக்கே. சாயங்காலமே."

அவர் விரல்களை மடக்கி எண்ணுவதைப் பார்த்தேன். எண்ணி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பட்டன் நீ தெரியாம தெச்சது" என்றார். "பிள்ளை மேல ஆசையா தெச்சது. அதுக்கு உன்னை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா பதினாறு நாள் நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுததைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியே, அது தெரிஞ்சு செஞ்சதுதானே?"



அவர் என்னிடமிருந்து திரும்பிக்கொண்டார். மகளின் வாயோரம் வழிந்திருந்ததைத் துண்டால் துடைத்தார். "தண்ணி வேணுமா கண்ணு?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். அவர் டம்ளரை உதட்டில் வைத்துச் சரித்தார். தாகத்தில் இருந்திருக்கிறாள், பாவம். மடமடவென்று முழுவதையும் குடித்தாள்.